வோக்த்ரூ பார்த்து முடிச்சா அரைப்பேர் தானா?

போன சனிக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வெளிய மழை, மிஸ்ட் வேற, எதுத்தாப்ல இருக்குற மலையே தெரியல. அம்மா அடுப்படியில ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாங்க, இவன் கம்பளிய போத்திக்கிட்டு என்னோட பழைய லெப்டொப்ப மடியில வச்சு ஹொலோ நைட் வெளையாடுறான். எனக்கு பயங்கர சந்தோஷம், நான் உசிரா நெனைக்கிற கேம் ஆச்சே. கிட்டப் போய் பார்த்தா தேத்தண்ணி கோப்பையில போன சாய்ச்சு நிறுத்தி வச்சிருக்கான், அதுல யூடியூப் ஓடுது, எவனோ ஒருத்தன் அதே கேமை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வெளையாடிக் காட்டுறான், வோக்த்ரூன்னு சொல்றது இதத் தான். இவன் பத்து செக்கன் பார்க்குறான், நிப்பாட்டுறான், அவன் போன மாதிரியே போறான், மறுபடி பத்து செக்கன் பார்க்குறான்.

"டேய் மருமகனே, இப்ப யாரு வெளையாடுறா, நீயா அவனா?"

"ரெண்டு பேரும் தான் மாமா. இப்பிடி போனா ஒண்ணையும் மிஸ் பண்ணாம முடிக்கலாம்."

"அப்ப ஒனக்கு அரைப்பேர் தான் போடணும்."

அவனுக்கு வெளங்கல. டவுன்லயே பொறந்து வளந்தவன், தோட்டத்துல பேர் போடுறதெல்லாம் எங்க தெரியப் போகுது. அடுப்படியில இருந்து அம்மா தான் சிரிச்சாங்க. தெரியாதவங்களுக்கு சொல்றேன், நம்ம இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா தான் முழுப்பேர், கொறஞ்சா அரைப்பேர், அரைச் சம்பளம். காலையில இருந்து மழையில நனைஞ்சு அட்டைக்கடி வாங்கினதெல்லாம் கணக்குல வராது, கொழுந்து நிறுக்குற மடுவத்து தராசு என்ன சொல்லுதோ அது தான். நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்போ கேம் வெளையாடுறதுக்கும் இதையே வச்சிருந்தோம். யார்கிட்டயாச்சும் கேட்டு, இல்லாட்டி எங்கயாச்சும் பார்த்து ஒரு லெவல முடிச்சா அவனுக்கு அரைப்பேர். அவனா முடிச்சா முழுப்பேர். சீட் கோட், அதாவது குறுக்கு வழிக்கு தட்டுற ரகசியச் சொல்லு போட்டு முடிச்சவனுக்கு பேரே கெடையாது, அன்னைக்கு அவன் வேலைக்கே வரல.

சரி, இதோட விட்டிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. அவன் அடுத்து ஒண்ணு சொன்னான், அது தான் ரெண்டு மூணு நாளா மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

"மாமா நேத்து ப்ளூ லேக்னு ஒரு எடத்துக்கு போனேன். இங்க எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த எடத்துக்கு போவோம்னு வீடியோல சொன்னான். நானும் திரும்பிட்டேன்."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ப்ளூ லேக்லயா ஒண்ணும் இல்ல?

(ஹொலோ நைட்ட இனிமே தான் வெளையாடப் போறேன்னு யாராச்சும் இருந்தா இத்தோட மூடிட்டு போயிருங்க. வோக்த்ரூவப் பத்தி கொறை சொல்லிட்டு நானே எல்லாத்தையும் போட்டு ஒடைக்கப் போறேன், அந்த நக்கல் எனக்கும் தெரியுது.)

ப்ளூ லேக்குக்கு வர்றதுக்கு முந்தி கொஞ்சம் பழைய கதை. எங்க செட்டுக்கு மொத கேம் பிரின்ஸ் ஒஃப் பெர்சியா. 1989ல ஜோர்டன் மெக்னர்னு ஒருத்தர் செஞ்சது. எங்க கைக்கு அது வந்து சேர்றப்போ உலகத்துக்கே அது கெழட்டு கேம், ஆனா ஹட்டன்ல கம்பியூட்டர் கிளாஸ் போன எங்களுக்கு அது தான் புத்தம் புதுசு. படிப்பிக்கிற சேர் தேத்தண்ணி குடிக்க கீழ எறங்கினதும் ஒரு மெஷினுக்கு நாலு பேர் குமிஞ்சிருவோம். மொத்தம் 12 லெவல், 60 நிமிசத்துக்குள்ள இளவரசிய காப்பாத்தணும், கேமுக்குள்ளயே நேரம் ஓடிக்கிட்டு இருக்கும். நாலாவது லெவல்ல ஒரு கண்ணாடி வரும், ஓடி வந்து அதுக்குள்ள பாய்ஞ்சா தான் அந்தப் பக்கம் போகலாம், பாயுறப்போ நம்மகிட்ட இருந்தே ஒரு நிழல் பிரிஞ்சு எதிர்ப்பக்கமா ஓடிரும். அப்புறம் அந்த நிழல் போற வழியெல்லாம் வந்து கொடச்சல் குடுக்கும், நாம குடிக்க வேண்டிய மருந்த குடிச்சிட்டு போகும், நாம தாவுற நேரம் பார்த்து கதவ மூடும். கடைசி லெவல்ல வாளோட வந்து முன்னாடி நிக்கும்.

அங்க தான் மாட்டிக்கிட்டோம். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, ஒரு டேர்ம் முழுக்க. அத குத்தினா நமக்கு உசிரு கொறையும். கொன்னா நாமளும் சேர்ந்து விழுந்து சாவோம். கிளாஸ்ல ஒரு பெரிய அண்ணன் இருந்தாரு, அவரு ஏற்கனவே முடிச்சவரு, அவர்கிட்ட போய் கெஞ்சினோம். அவரு பாணை சம்பல்ல தொட்டு தின்னுக்கிட்டே, "ஒன்னைய நீயே குத்தினா வலி யாருக்கு?"ன்னு கேட்டுட்டு எழும்பிப் போயிட்டாரு. எங்களுக்கு செம கோவம், நக்கலடிக்கிறார்னு நெனைச்சோம்.

அப்புறம் ஒரு நாள் எங்கள்ல ஒருத்தன் வெறுத்துப் போய், "போடா இந்தக் கேமும் நீயும்"னு கீழ்ப்பக்க பட்டன ஓங்கித் தட்டினான். இளவரசன் வாள உறைக்குள்ள போட்டுட்டான். அடுத்த செக்கன் எதுத்தாப்ல நின்ன நிழலும் வாள உள்ள போட்டுச்சு. நாலு பேருக்கும் பேச்சே வரல. அண்ணன் சொன்னது அப்ப தான் மண்டையில அடிச்சுது. அப்பிடியே நேரா நடந்து போனா நிழல் நம்ம ஒடம்புக்குள்ளயே வந்து சேர்ந்துருச்சு. சேர்ந்ததுக்கப்புறம், அது வரைக்கும் பள்ளமா கெடந்த எடத்துல ஓடினா காலுக்கு கீழ தரை முளைச்சுக்கிட்டே வருது. நாங்க போட்ட சத்தத்துக்கு கீழ இருந்த சேரே படியேறி வந்துட்டாரு.

அந்த நிழல் எப்பிடி வந்துச்சுன்னு நான் ரொம்ப வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுக்கிட்டேன். மெக்னர் அத ஆப்பிள் டூ கம்பியூட்டர்ல செஞ்சாரு, அதுல மெமரி அவ்வளவு கம்மி, இன்னொரு எதிரிய வரைஞ்சு போட எடமே இல்ல. அதனால இளவரசனோட அதே படத்தையே சின்ன ஒரு தந்திரத்தால ஒளிர்ற நிழலாட்டம் மாத்திப் போட்டாரு. எடம் இல்லாததால வந்த எதிரி அவன். இத வாசிச்சப்போ, எல்லாக் காசையும் தேத்தண்ணிக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் பண்ணி வெளையாடின எங்களுக்கு சரியான கேம் தான்யா கெடைச்சிருக்குன்னு நெனைச்சேன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, "கடைசி லெவல்ல நிழல் வந்தா கீழ்ப் பட்டன அமத்துங்க"ன்னு ஒரு வரி எழுதி எங்க கையில குடுத்திருந்தா? முடிச்சிருப்போம். மூணு செக்கன்ல முடிச்சிருப்போம். அடுத்த வாரம் மறந்தும் போயிருப்போம். இருபது வருஷம் கழிச்சு ஒக்காந்து இத எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஆனா நாங்க ஒண்ணும் புனிதர்கள் இல்ல. அதுக்கப்புறம் வைஸ் சிட்டி வந்துச்சு, 2002ல வந்த கேம், எங்க பக்கம் நெட் கபேகளுக்கு வந்து சேர கொஞ்ச காலம் ஆச்சு. கொப்பி பின்னட்டையில பாடக் குறிப்பு இருக்கோ இல்லையோ பான்சர், ஆஸ்பிரின், லீவ்மீஅலோன் எல்லாம் எழுதி இருக்கும். பான்சர்னு டைப் பண்ணா வானத்துல இருந்து டாங்கி விழும். பேர் கெடையாதுன்னு சட்டம் போட்ட நாங்களே தான் டாங்கிய வரவழைச்சு பீச் ரோட்டுல ஓட்டினது. ஆனா சீட்டுக்கெல்லாம் மசியாத ஒரு மிஷன் இருந்துச்சு, டெமொலிஷன் மேன், அந்த ரிமோட் ஹெலிகொப்டர் மிஷன். கட்டிக்கிட்டு இருக்குற கட்டடத்துக்குள்ள குட்டி ஹெலிகொப்டர ஓட்டி நாலு குண்டு வைக்கணும். எங்க ஊர்ல அந்த மிஷனோட கேமையே விட்டவன் எத்தன பேர்னு எண்ண முடியாது.

அதுக்குத் தான் வாழ்க்கையில மொத தடவையா ஒரு வோக்த்ரூ பிரிண்ட் எடுத்தோம். கேம்எஃப்ஏகியூஸ்னு ஒரு சைட், 1995ல இருந்து இருக்கு, படம் கெடம் ஒண்ணும் இருக்காது, வெறும் எழுத்து தான், தலைப்பைக் கூட கோடும் புள்ளியும் வச்சு தட்டி தட்டி வரைஞ்சிருப்பானுங்க. பக்கத்துக்கு இவ்வளவுன்னு பிரிண்டுக்கு காசு, அதனால எங்களுக்கு வேணும்ங்கிற பகுதிய மட்டும் நாலு பக்கம். வீட்டுக்கு கொண்டு வந்து பார்த்தா அம்புட்டும் இங்கிலீஷ். எங்க இங்கிலீஷ் அப்போ "மை நேம் இஸ்" லெவல். அகராதிய வச்சுக்கிட்டு இஸ்தோப்புல ஒக்காந்து நாலு பேரும் வரி வரியா வாசிச்சோம். அதுல ஸ்ட்ரேஃப்னு ஒரு சொல்லு, பக்கவாட்டுல நகர்றதுன்னு அர்த்தம், எங்க அகராதியில போட்டிருந்தது தாழப் பறக்குற விமானத்துல இருந்து சுடுறதுன்னு. ஹெலிகொப்டர் மிஷன் வேறயா, அப்ப இது சுடும் போலன்னு ரெண்டு நாள் சுடுற பட்டன தேடினோம். சுடாதுங்க. எறக்கைல அடிச்சுத் தான் ஆக்கள விழுத்தணும். மொத குண்ட தூக்கினதுக்கப்புறம் தான் நேரம் ஓட ஆரம்பிக்கும், அதனால அதுக்கு முந்தியே எல்லாரையும் சாவகாசமா முடிச்சிட்டு வாங்கிறது தான் அந்த நாலு பக்கத்தோட சாரமே. அந்த ஒரு வரிய கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம்.

அதுக்கு அரைப்பேரா முழுப்பேரான்னு பெரிய சண்டை. "வோக்த்ரூவ படிச்சதே ஒரு லெவல் மாதிரி தானடா, முழுப்பேர் போடு"ன்னான் ஒருத்தன். இன்னைக்கு யோசிச்சா அவன் சொன்னதுல நியாயம் இருக்கு. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் எல்லாம் செஞ்ச மியாசாக்கி, ஹிடெடாக்கா மியாசாக்கி, சின்ன வயசுல வசதி இல்லாத வீடு, லைப்ரரியில இருந்து தனக்கு முழுசா வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் புஸ்தகங்களா எடுத்துட்டு வந்து, வெளங்காத எடத்தையெல்லாம் தானா கற்பனை பண்ணி நிரப்பிக்கிட்டதா சொல்லியிருக்காரு. அவரு கேம்கள்ல கதை பாதி பாதியா, ஒடைஞ்ச ஓடு மாதிரி கெடக்குறதுக்கு அது தான் காரணமாம். எங்களுக்கும் அப்போ எல்லா கேமுமே அப்பிடித்தான், கதாபாத்திரம் என்ன பேசுதுன்னே தெரியாது, நாங்களா ஒரு கதை வச்சிருந்தோம். இப்ப இங்கிலீஷ் வெளங்குது. வெளங்கினதுக்கப்புறம் வைஸ் சிட்டி கதைய கேட்டா நாங்க வச்சிருந்த கதை தான் நல்லா இருந்துச்சு.

இப்ப ஹொலோ நைட்டுக்கு வர்றேன். ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்னு ஒரு ஊர், அங்க டீம் செர்ரின்னு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள் சேர்ந்து செஞ்சு 2017ல விட்ட கேம். பூச்சிகளோட ராஜ்ஜியம் ஒண்ணு பாழடைஞ்சு கெடக்கு, நாம சின்னதா ஒரு பூச்சி, ஆணி மாதிரி ஒரு வாள், அவ்வளவு தான். புது எடத்துக்கு போனா மேப்பே இருக்காது. கோர்னிஃபர்னு ஒரு மேப் வரையுறவரு எங்கயோ ஒரு மூலையில முணுமுணுன்னு பாட்டு பாடிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு, வழியில கடுதாசித் துண்டுகள் செதறிக் கெடக்கும், அத வச்சு, பாட்டு சத்தத்த வச்சு அவர கண்டுபிடிச்சு மேப்ப வாங்கணும். அதுவும் அவரு போன வரைக்கும் தான் வரைஞ்சிருப்பாரு, மிச்சம் நாம போனா தான் நெறையும்.

நான் அத வெளையாடினது 2022ல. அந்த வருஷம் எப்பிடி இருந்துச்சுன்னு நம்ம ஆக்களுக்கு சொல்லத் தேவையில்ல. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் கட். கேஸ் இல்ல, பெட்ரோல் இல்ல, கோதும மா வெலை ஏறிப் போச்சு. நான் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், கறண்ட் இல்லாம என்னத்த ரிப்பேர் பண்றது, கடைய பூட்டிட்டு வீட்ல இருந்தேன். லெப்டொப் பெட்டரி நல்லா கெழடு, ஒரு மணித்தியாலம் கூட நிக்காது. கறண்ட் போய் கொஞ்ச நேரத்துல எங்க பக்கத்து டவரும் செத்துரும், அப்புறம் நெட்டும் இல்ல. ஆக கறண்ட் இருக்குறப்போ வெளையாடுவேன், எங்கயாச்சும் மாட்டிக்குவேன், கறண்ட் போயிரும். யூடியூப்ல பார்க்கலாம்னா சிக்னல் இல்ல. இருட்டுல லாம்ப வச்சுக்கிட்டு அம்மாவும் நானும் ஒக்காந்திருப்போம், அவங்க பழைய கதை சொல்லுவாங்க, நான் காது ஒரு பக்கமும் மண்டை கேமுக்குள்ளயும் வச்சிருப்பேன். ஒரு சிஆர் கொப்பி எடுத்து மேப் வரைய ஆரம்பிச்சேன். இங்க ஒரு கதவு இருந்துச்சே தொறக்கல, அங்க மேல ஒரு எடம் எட்டல, இந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னவா இருக்கும்னு.

வெளையாடுன நேரத்த விட யோசிச்ச நேரம் தான் கூட. அவ்வளவு கஷ்ட காலத்துல அது ஒரு பாக்கியம்னு இப்ப சொன்னா அம்மா தும்புத்தடி எடுப்பாங்க, ஆனாலும் அந்தக் கேம் எனக்குள்ள போன மாதிரி வேற ஒண்ணும் போகல.

அந்த ராஜ்ஜியத்துக்கு நடுவுல ஒரு தலைநகரம் இருக்கு, சிட்டி ஒஃப் டியர்ஸ். பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல், நீல வெளிச்சம், எப்பவும் மழை. நிக்கவே நிக்காத மழை. நமக்கென்ன மழை புதுசா, ஜூன் ஜூலைல இங்க தகரத்துல விழுற சத்தத்துல பக்கத்துல இருக்குறவன் பேசுறது கேட்காது, அதனால நான் பெருசா எடுத்துக்கல. ஆனா அங்க பெஞ்சுல குவிரெல்னு ஒருத்தன் ஒக்காந்திருப்பான், நம்மள மாதிரியே ஊர் சுத்துற ஆளு, அவன் தான் கேட்டான், பூமிக்கு அடியில இருக்குற ஊர்ல இவ்வளவு தண்ணி எங்க இருந்து வருது, மேல எங்கயோ பெரிய தண்ணி இருக்கணுமேன்னு. அட ஆமா. பூமிக்கு கீழ எப்பிடி மழை பெய்யும்? எனக்கு அது வரைக்கும் தோணவே இல்ல.

அப்புறம் பல நாள் கழிச்சு வேற ஏதோ தேடிக்கிட்டு மேல சுத்திக்கிட்டு இருந்தப்போ ஒரு எடத்துல சங்கீதம் அப்பிடியே அமைதியா போச்சு. எதிரி யாரும் இல்ல. கரை, கரைக்கு அப்பால தண்ணி, கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் தண்ணி. ப்ளூ லேக்னு பேர் வந்துச்சு. சுத்திப் பார்த்தேன், பெட்டி இல்ல, காசு இல்ல, ஒண்ணுமில்ல. மேப்ப தொறந்தேன். இதுக்கு கீழ என்ன இருக்குன்னு பார்த்தேன்.

சிட்டி ஒஃப் டியர்ஸ்.

மேல ஏரி, அது கசிஞ்சு தான் கீழ மழை. ஊரே ஏரிக்கு அடியில இருக்கு. அந்த நேரம் பார்த்து கறண்ட் போச்சு, பெட்டரி இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, வீடு முழுக்க இருட்டு, ஸ்கிரீன்ல மட்டும் நீலத் தண்ணி. நான் பட்டன தொடாம அப்பிடியே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஏன் அப்பிடி அடிச்சுதுன்னா எங்க அப்பாயி மஸ்கெலியா பக்கத்து ஆளு. மவுசாக்கலை அணை கட்டினப்போ பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போயிருச்சு, இப்ப இருக்குற டவுன் அதுக்கப்புறம் வந்தது. நல்ல வெயில் காலத்துல தண்ணி எறங்கினா பழைய கோயிலு கட்டடமெல்லாம் வெளிய தெரியும், சனம் போய் பார்க்கும், இப்பவும் நடக்குறது தான். சின்ன வயசுல ஒருக்கா அப்பாயி என்னைய கூட்டிட்டுப் போயி கரையில நின்னு வெறும் தண்ணிய காட்டி, "அந்தா, அந்த எடத்துல தான் கடைவீதி"ன்னாங்க. நான் தண்ணிய பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அவங்க பார்த்தப்போ அங்க ஒரு ஊர் இருந்துச்சு.

2022ல அந்த இருட்டுல தான் அப்பாயி என்ன பார்த்தாங்கன்னு எனக்கு வெளங்குச்சு. அதுவும் ஆஸ்திரேலியாக்காரன் செஞ்ச பூச்சி கேம்ல. சிரிப்பா இருந்தா சிரிச்சுக்கங்க.

இதத் தான் அந்த யூடியூப்காரன் "எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னான். அவன் மேல தப்பில்ல, பெருசா எடுக்க ஒண்ணும் இல்ல தான். வோக்த்ரூ எழுதுறவன் மடுவத்து கணக்கப்பிள்ளை மாதிரி, கொழுந்த தான் நிறுப்பான். மலையில என்ன பார்த்துட்டு வந்தேன்னு கேக்குறது அவன் வேலை இல்ல. எங்க சாவி, எங்க சக்தி, எந்த பொஸ்ஸுக்கு, அதான் பெரிய எதிரிக்கு, எந்தப் பக்கம் ஒதுங்கணும், எல்லாம் சரியா இருக்கும். அவனே மொத தடவை அந்த ஏரிக்கரையில வாய பொளந்துக்கிட்டு நின்னிருப்பான், ஆனா அத கைட்ல எந்த எடத்துல எழுதுறது?

ஆனா எல்லாத்துக்கும் பிடிவாதம் பிடிக்கிறவன் இல்ல நான். எல்டன் ரிங்ல ரானிங்கிற பாத்திரம் குடுக்குற வேலைய விக்கி பார்க்காம முடிச்சேன்னு எவனாச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேன். ஒருத்தர பார்க்கணும், அப்புறம் இன்னொருத்தர, நடுவுல ஒரு பொம்மைகிட்ட திரும்பத் திரும்ப பேசணும், அதுவும் மொத ரெண்டு தடவ பதிலே சொல்லாது. பொம்மைகிட்ட மூணு தடவ பேசணும்னு எந்த மனுசனுக்கு தோணும்? கேம் வந்து ஒரு மாசத்துக்குள்ள அவங்களே அப்டேட் விட்டு, சந்திச்ச ஆக்களோட எடத்த மேப்புல காட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா அதே கேம்ல காட்டுக்குள்ள ஒரு கெணத்து லிஃப்ட்ல ஏறி, எறங்குது எறங்குது எறங்கிக்கிட்டே இருக்கு, கடைசியில கதவு தொறந்தா பூமிக்கு அடியில வானம் முழுக்க நட்சத்திரம், அத எவனாச்சும் முன்கூட்டியே எனக்கு வீடியோல காட்டியிருந்தா அவன் வீட்டுக்கே போய் சண்டை போட்டிருப்பேன்.

அப்புறம் காசும் நேரமும். நெட் கபேல மணித்தியாலத்துக்கு காசு குடுத்து வெளையாடுற பயல்கிட்ட "நீயா தேடு"ன்னு சொல்றது நியாயமில்ல. அவனுக்கு தொலைஞ்சு போறதே செலவு. ராத்திரி ஒம்பது மணிக்கு கடைய பூட்டிட்டு வந்து பிள்ளைய தூங்க வச்சதுக்கப்புறம் முக்கா மணித்தியாலம் கெடைக்கிறவனுக்கும் அப்பிடித்தான். தன்னால தேட முடியிறவன் மத்தவன பார்த்து மூஞ்ச சுளிக்கிறது எனக்கு பிடிக்காது, நான் சனிக்கிழமை மருமகன பார்த்து செஞ்சது அது தான், ஒத்துக்குறேன்.

நான் பார்த்து நொந்தது ஒண்ணே ஒண்ணு. அவுட்டர் வைல்ட்ஸ், 2019. 22 நிமிசத்துக்கு ஒருக்கா சூரியன் வெடிச்சு எல்லாம் முடியும், மறுபடி மொதல்ல இருந்து எழும்புவோம். அதுல நாம பலசாலி ஆகுறதில்ல, புது ஆயுதம் கெடைக்கிறதில்ல, போன தடவ தெரிஞ்சுக்கிட்டது மட்டும் தான் கையில மிஞ்சும். அப்ப அதுல பதில பார்த்தா என்ன மிஞ்சும்? ஒரு ராத்திரி பொறுமை இல்லாம ஒண்ணே ஒண்ணு தேடிப் பார்த்தேன். எதுன்னு சொல்ல மாட்டேன். பார்த்த ஒடனே தெரிஞ்சுது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நானே புடிச்சிருப்பேன், அவ்வளவு கிட்ட வந்திருந்தேன். மறக்கவும் முடியாதே.

கேக்குறதுலயும் வித்தியாசம் இருக்கு. கம்பியூட்டர் கிளாஸ் அண்ணன் மாதிரி ஆள்கிட்ட கேட்டா, நமக்கு எவ்வளவு சொல்லணும்னு அவரு அளந்து சொல்லுவாரு. எழுதி வச்ச வோக்த்ரூ அளக்காது, வீடியோ அளக்காது, கேட்டது ஒரு கரண்டின்னா சட்டியோட கவுத்துரும். மியாசாக்கியோட 2009 கேம் டீமன்ஸ் சோல்ஸ்ல ஆக்கள் தரையில ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு எழுதி வைக்கலாம், ஆனா சொந்தமா எழுத முடியாது, குடுத்த சொல்லுகள அடுக்கித் தான் எழுதணும், "முன்னாடி கவனம்" அவ்வளவு தான். பனியில ஒரு ஏத்தத்துல அவரு கார் ஏறாம நின்னப்போ பின்னால வந்த வாகனங்கள் ஒண்ண ஒண்ணு தள்ளி ஏத்தி விட்டுச்சாம், எறங்கி நன்றி சொல்லக்கூட முடியலயாம், அதுல வந்த யோசனையாம். மழை நாள்ல நம்ம ரோட்டுல ஓட்டோ தள்ளினவங்களுக்கு இத வெளங்கப்படுத்த தேவையில்ல.

நமக்கு சிவனொளிபாதம் இருக்கே. நல்லதண்ணி பக்கத்தால ஏறினா 5,000 படிக்கு மேல. நடு ராத்திரி மூச்சு வாங்கிக்கிட்டு, எறங்கி வர்றவங்ககிட்ட "இன்னும் எவ்வளவு தூரம்?"னு கேட்டா சிங்களத்துல கேட்டாலும் தமிழ்ல கேட்டாலும் ஒரே பதில் தான், இன்னும் கொஞ்சம் தான். பச்சைப் பொய். அவங்களுக்கும் தெரியும் நமக்கும் தெரியும். "இன்னும் 3,140 படி இருக்கு தம்பி"ன்னு எவனாச்சும் சரியா சொல்லியிருந்தா நான் அங்கேயே தேத்தண்ணி கடையில படுத்திருப்பேன்.

ஆ, மருமகன். சனிக்கிழமை "ஏன் மாமா அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்டான், நான் வாய தொறந்துட்டு மூடிட்டேன். "மேப்ப தொறந்து அதுக்கு கீழ என்ன எடம்னு பாரு"ன்னு மட்டும் சொன்னேன். பார்த்தானா இல்லையான்னு தெரியல, ரொட்டி தின்னுட்டு பஸ் ஏறிட்டான். லெப்டொப்பையும் தூக்கிட்டுப் போயிட்டான்.

நேத்து ராத்திரி வட்ஸ்அப்ல ஒரு போட்டோ. ஸ்கிரீன போன்ல எடுத்திருக்கான், கோணலா. ப்ளூ லேக்.

"மாமா, அந்த குவிரெல் இங்க வந்து ஒக்காந்திருக்கான். மழை பெய்யுற ஊர்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேட்டவன் தானே இவன்?"

"ஆமா."

"இப்ப என்ன செய்யணும்? வீடியோல பார்க்கவா?"

கொஞ்ச நேரம் என்ன எழுதுறதுன்னு யோசிச்சேன். "அவன் சொல்றத கேளு. போயிட்டு அப்புறம் ஒருக்கா வந்து பாரு"ன்னு அனுப்பினேன்.

ரெண்டு நீலச் சரி விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மணித்தியாலம் பதில் இல்ல. பத்தரைக்கு கோல் எடுத்துப் பார்த்தேன், அடிச்சு அடிச்சு நின்னுச்சு. ஒன்லைன்ல தான் இருக்கான்னு காட்டுது.